தூங்க வந்தவர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதைச் சமையலறை அலமாரியில் தூக்கிப் போட்டிருப்பாய். அத்தானாவது எடுத்துப் பிரித்து, நீ துணி மடிக்கும் பக்கமாக நின்று சத்தமாகப் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அவர் வாங்கித் தந்த துறைமுக அலுவலக வேலையை உதறிவிட்டு நான் போதகர் படிப்புக்குப் போனதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம், காதில் விழுந்தால் போதும்.

என்னை இந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆலயம் தெருவின் கடைசியில் இருக்கிறது, அதற்கு அப்பால் ஆறு. காலையில் கதவைத் திறந்தால் எனக்கு முன்னால் பனிமூட்டம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அது கலைந்த பிறகுதான் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். பெரும்பாலும் காலியாக. முதல் நாள் சாவியைக் கையில் வைக்கும்போதே சபைச் செயலாளர் சொல்லிவிட்டார்: "ஐயா, இந்த வருஷத்துக்குள்ள ஆள் சேரலைன்னா தலைமை அலுவலகத்துல இதை மூடிருவாங்க. உங்களைக் கடைசியா அனுப்பிப் பாக்குறாங்க." அவர் கெட்டவர் இல்லை. அரும்பு மீசை வயதிலிருந்து இந்தத் தரையைக் கூட்டுகிறவர். அதனால் யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் செருப்பைப் பார்க்கிறார்.

இன்னொருவரும் உண்டு. ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். எல்லோரும் ரயிலய்யா என்கிறார்கள். பாட்டு நீண்டுபோனால் பிரேக் பிடிப்பது போல வலது கையைக் கீழே இழுப்பார். பாட்டும் நின்றுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் பேச ஆரம்பித்திருந்தேன். பக்கவாட்டுக் கதவு திறந்தது. நீலச் சால்வை போர்த்திய ஓர் அம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நடப்பது போல மெல்ல வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். புது முகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலை உயர்த்திப் பேசினேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அவர் சாய்ந்து தூங்கிப்போனார். குறட்டை வேறு.

செயலாளர் எழுப்பப் போனார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். கருணை என்று நினைத்துவிடாதே. எழுந்தால் இன்னும் கேவலமாக இருக்குமே என்ற பயம்தான். ஆனால் அதற்குப் பிறகு என் குரல் தானாகவே தணிந்துவிட்டது, அக்கா. தூளியின் பக்கத்தில் நின்று பேசுவது போல முடித்தேன். வீட்டுக்கு வந்து அவமானத்தில் சாப்பிடவில்லை.

அத்தான் முதுகு எப்படி இருக்கிறது?

உன் தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

அத்தான் படிக்கவில்லை. நானேதான் படித்தேன். சமையலறை அலமாரியில் போட்டது உண்மை. மறுநாள் எடுத்ததும் உண்மை.

அவர் முதுகு பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கிரேன் மேலே ஏறக் கூடாதாம். வேலையை விட்டு வந்து ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. நீ வேலையை விட்ட போது அந்த மனுஷன் அலுவலகத்தில் எத்தனை பேரிடம் தலைகுனிந்து நின்றார் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள் என்று எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் அதே சீருடைத் தொழிற்சாலையில்தான் துணி வெட்டுகிறேன். மெஷின் சத்தத்தில் ஒரு பக்கக் காது மந்தமாகிவிட்டது. வேண்டாத பேச்சுக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வசதியாக இருக்கிறது.

உன் பிரசங்கத்தில் ஒருத்தி தூங்கியதற்கா சோறு சாப்பிடாமல் இருந்தாய்? சின்ன வயதில் நீ கதை சொல்ல ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய் வந்து வாசலில் சுருண்டு படுத்துக்கொள்ளும். உனக்கு அது ராசி. ஆனால் ஒன்று கேட்கிறேன். காலை வேளையில், முன்பின் தெரியாத இடத்தில், மரப்பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்தபடி தூங்குகிறாள் என்றால் அவளுக்குப் படுக்க இடமில்லையா, படுத்தால் தூக்கமில்லையா? உன் மானம் போனதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அவள் எங்கிருந்து வந்தாள் என்று ஒரு வரி இல்லை.

இதற்குப் பதில் போட்டே ஆக வேண்டும் என்றில்லை.

அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த பிறகு கொஞ்ச நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு போய்க் கேட்டேன்.

எங்கள் ஆலயத்தின் மதிலை ஒட்டி ஒரு பழைய பிஸ்கட் தொழிற்சாலை இருக்கிறது. மூடிக் கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே மனுஷர்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவமனை ஒன்றை எப்போதோ மூடினார்களாம். குணமாகியும் கூட்டிப்போக வீட்டார் வராதவர்களை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சபையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான். பக்கவாட்டுக் கதவை எப்போதும் பூட்டி வைப்பதே அதற்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்ட மறந்தது நான்.

நீலச் சால்வை அம்மாதான் சுற்றிக் காட்டினார். நீளமான கூடம், கட்டில் மேல் கட்டில் இடிக்கிறது. கண்காணிப்புக்காக விளக்குகளை அணைப்பதே இல்லை. ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கிறது. "இங்க தூக்கம் வரும், ஆனா உள்ள வராது. வாசல்லயே நின்னுட்டுப் போயிரும்," என்றார் அந்த அம்மா. "உங்க இடத்துல இருட்டு நல்லா இருக்கு. நீங்க பேசுறதும் நல்லா இருக்கு. யாரையும் திட்டாம பேசுறீங்க."

அக்கா, இவ்வளவு நல்ல விமரிசனம் என் பிரசங்கத்துக்கு வந்ததில்லை.

வார்டனிடம் பேசினேன். அவருக்கும் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்குமே என்று ஒப்புக்கொண்டார். இப்போது வாரநாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கிறது. முதலில் சிலர் வந்தார்கள், பிறகு பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. ரயிலய்யா தன் வீட்டுத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். யாருக்கோ கொடுக்கத்தான் என்று நினைத்தேன். கடைசிப் பெஞ்சில் தானும் படுத்துக்கொண்டார். "எனக்கும்தான் வீட்டுல தூக்கம் வரமாட்டேங்குது," என்றார்.

வெயில் கண்ணாடி வழியாக வந்து தரையில் நகர்கிறது. எல்லோருடைய மூச்சும் மெல்ல மெல்ல ஒன்றாகிவிடுகிறது. அவர்கள் கண்ணயரும்வரை நான் தணிந்த குரலில் ஏதாவது பேசுவேன், பிறகு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கட்டடமே தூங்குவது போலிருக்கும்.

எழுந்ததும் தேநீர். அப்போது கனவு சொல்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தனக்கு ஒரு கப்பல் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரைக் கப்பல்காரர் என்றே கூப்பிடுகிறோம். அவர் நேற்றுச் சொன்னார்: "கப்பல் வந்துருச்சு. ஆனா தண்ணியில்ல. நம்ம தெருவுலயே வந்து நிக்குது. ஜன்னல்ல எல்லாம் துணி காயுது." ரயிலய்யா யோசித்துவிட்டு, "தண்டவாளம் போட்டா ஆத்துக்குக் கொண்டு போயிரலாம். தெரு வளைவுலதான் கொஞ்சம் மெதுவா எடுக்கணும்," என்றார். இருவரும் எவ்வளவு மெதுவாக என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செயலாளருக்குப் பிடிக்கவில்லை. "இது ஆலயமா, ரயில்வே வெயிட்டிங் ரூமா?" என்று கேட்டார்.

"வெயிட்டிங் ரூம் இவ்வளவு சுத்தமா இருக்காது," என்றார் ரயிலய்யா.

செயலாளர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு போய்விட்டார். இப்போதெல்லாம் மதியத்தில் அந்தப் பக்கம் வருவதில்லை.

உன் தம்பி

மே 14

தம்பி,

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். வெட்டும்போது மிஞ்சுகிற துணியில் தைத்த தலையணை உறைகள். ஒன்றுக்கொன்று நிறம் சேராது. இது உன் சபைக்கு இல்லை, அந்தத் தலைகளுக்கு. அதைத் தெளிவாக வைத்துக்கொள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும். சின்னவனாக இருக்கும்போது சிறகொடிந்த காக்காய் ஒன்றைக் கொண்டுவந்து அட்டைப்பெட்டியில் வைத்தாய். அதற்குத் தண்ணீர் ஊற்றியது நான். தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டியது நீ. இப்போதும் அப்படித்தானா? மூடப்போகிற ஆலயத்துக்கு ஆள் கணக்குக் காட்ட அவர்கள் உதவுவார்கள் என்று மனசின் மூலையில் ஓடவில்லையே? ஓடினால் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நட்பு என்று பெயர் வைக்காதே. அவர்கள் உன் இடத்துக்கு வருகிறார்கள். அவர்களால் உனக்கு என்ன ஆக வேண்டும்? ஒன்றும் இல்லையென்றால் அது தர்மம். அதைச் செய்ய உன்னைவிட வசதியானவர்கள் இருக்கிறார்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். கிழிக்கலாம் என்று பார்த்தேன், வேறு தாள் இல்லை.

அத்தானுக்குக் கப்பல்காரர் கதையைப் படித்துக் காட்டினேன். "தெருவுல நின்னா சாய்ஞ்சிரும், முட்டு குடுக்கணும்," என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் தானாகச் சொன்ன வாக்கியம் அது.

அக்கா

ஜூலை 27

அன்புள்ள அக்கா,

உன் கேள்வியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆமாம், மனசின் மூலையில் ஓடியது. பதிலை நான் கண்டுபிடிக்கவில்லை. அது தானாக நடந்தது.

ரயிலய்யா வீட்டு மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். தனி ஆள். மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. சபையிலிருந்து நாங்கள் பழம் வாங்கிக்கொண்டு போனோம், ஜெபம் செய்தோம், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம். எல்லோருக்கும் வேலை இருந்தது. மறுநாள் நான் போனபோது கதவு திறந்திருந்தது. நீலச் சால்வை அம்மாவும் கப்பல்காரரும் வார்டனிடம் கேட்டுக்கொண்டு வந்து கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாளும். அந்த மாதம் முழுவதும்.

"உங்களுக்குச் சலிப்பா இல்லையா?" என்று ரயிலய்யா கேட்டிருக்கிறார்.

"எங்களுக்கு உக்காந்திருக்கறது நல்லா வரும்," என்றாராம் அந்த அம்மா. "அதைத்தான் இத்தனை வருஷமா செஞ்சோம்."

வலி கூடும்போது கப்பல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஸ்டேஷன் எது என்று கேட்பாராம். இவர் சொல்வாராம். ஓட்டிய பாதைகளையெல்லாம் அப்படியே இருவரும் போய்வந்தார்கள். ஒருநாள் நான் படியேறும்போது, "பாலம் வருது, கொஞ்சம் சத்தமா இருக்கும்," என்று ரயிலய்யா சொல்வது கேட்டது. உள்ளே போனால் மூவரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பவன் போல வாசலிலேயே நின்றேன். அக்கா, எங்களுக்கு இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது. எங்கள் சபைக்கு உட்காரத் தெரியாது. மணி அடித்தால் வருவோம், முடிந்தால் எழுந்து போவோம். இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறோம், அவர்களைப் பார்த்து.

இன்னொன்றும் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நல்ல மதியம். நானும் ஒரு பெஞ்சில் கண்ணயர்ந்திருந்தேன். சத்தம் கேட்டு விழித்தால் அவர் நடைபாதையில் நிற்கிறார். சுற்றிலும் உன் தலையணை உறைகள், சிவப்பும் காக்கியும் பச்சையுமாக. ஊன்றுகோலோடு திரும்பி வந்திருந்த ரயிலய்யா மட்டும் விழித்திருந்தார்.

"இங்க ஆராதனை எப்போ நடக்கும்?" என்று பெரியவர் கேட்டார்.

"இப்போ நடந்துகிட்டிருக்குங்க. கொஞ்சம் மெதுவா பேசுங்க," என்றார் ரயிலய்யா.

பெரியவர் பின்னாலேயே செயலாளரும் வந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார். நீலச் சால்வை அம்மாவின் முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. திரையை இழுத்துவிட்டு, கொக்கியில் மாட்டி, சத்தமில்லாமல் நடந்து பெரியவரிடம் வந்து, "வாங்க ஐயா, வெளிய நின்னு பேசுவோம்," என்றார்.

என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மதியத் தேநீர் அவர் போடுகிறார். தண்ணியாகத்தான் இருக்கிறது. யாரும் குறை சொல்வதில்லை.

உன் தம்பி

செப்டம்பர் 18

அக்கா,

அவர்கள் போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறக்க வந்தேன். பனி இன்னும் விலகவில்லை. பக்கவாட்டுக் கதவுப் படியில் ஏதோ நிற்பது போலிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் தலையணைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. உறைகளைக் கழற்றி, துவைத்து, மடித்துத் தனியாக வைத்திருந்தார்கள். ஈரம் காயவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் இல்லை. இத்தனை நாள் அது நின்றால் போதும் என்று வேண்டிக்கொண்டவன், அன்றைக்கு அந்த அமைதியில் நிற்க முடியாமல் தெருவுக்கு ஓடினேன்.

விடியும்போதே பேருந்து வந்ததாம். தொழிற்சாலைக் கட்டடத்தை வேறு எதற்கோ எடுத்துக்கொள்கிறார்கள். வார்டனுக்கே முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னார்களாம். அன்று இரவே நீலச் சால்வை அம்மா ஆலயக் கதவைத் தட்டியிருக்கிறார். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு துக்க வீட்டில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வழக்கமான இடத்தில் உட்காராமல் எல்லோரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். முன் பெஞ்சுகள் மதியத்தில் தூங்க வந்தவர்களுடையவை. பேச எழுந்தேன். யாரும் தூங்காத ஆலயத்தில் எப்படிப் பேசுவது என்று மறந்துபோயிருந்தது.

அவர்களை எங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று விசாரித்தேன். உங்கள் ஊர்தான், அக்கா. பாலத்துக்கு அந்தப் பக்கம், மூடிய பஸ் டிப்போ. உன்னைப் போகச் சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. இடத்தை மட்டும் எழுதினேன்.

இன்னொன்று. துறைமுக அலுவலகத்தில் இப்போது இடம் ஏதாவது இருக்கிறதா என்று அத்தானிடம் கேட்டுப் பார். எனக்கு இந்த வேலை வரவில்லை என்று தோன்றுகிறது. ஒரு கதவைத் திறந்து வைப்பதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அதையும் தேவைப்பட்ட நேரத்தில் திறக்கவில்லை.

தம்பி

செப்டம்பர் 30

அன்புள்ள சின்னவனே,

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் என்ன? ஆனால் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அத்தான் எழுந்து சட்டையைப் போட ஆரம்பித்துவிட்டார். "பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே. மெதுவா நடந்தே போயிரலாம்," என்கிறார். வாசல்வரை போய் வரவே முகம் சுளிக்கிற மனுஷன். பாலத்தில் இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆற்றைப் பார்ப்பது போல நானும் நின்றேன்.

டிப்போவில் பஸ் நிறுத்தும் கூடத்தைத்தான் கழுவிவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறார்கள். இங்கே ஜெனரேட்டர் இல்லை, விளக்குக்கும் சுவிட்ச் இருக்கிறது. அப்படியும் யாரும் படுக்கவில்லை. எல்லோரும் கட்டில் விளிம்பில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். "வந்ததுல இருந்து இப்படித்தான். மறுபடியும் பஸ் வந்து ஏத்திட்டுப் போயிரும்னு நினைக்கிறாங்க," என்றாள் அங்கே வேலை செய்கிற பெண். அந்தக் கூடம் முழுக்கப் புறப்படாத பயணம் மாதிரி இருந்தது. என்ன சொல்வது, யார் என்று சொல்வது?

நீலச் சால்வையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கிட்டே போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் ரவிக்கைக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் பார்த்தார்.

"நீங்க துணி வெட்டுற அக்காதானே," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவர் சொல்லுவாரே. மழைத்தண்ணி தெருவுல ஓடும்போது அவரை இடுப்புல வச்சுத் தாண்டின அக்கா. செருப்பு போனதுக்கு அவரைத் திட்டாம தண்ணியைத் திட்டின அக்கா. தான் படிக்காம அவரைப் படிக்க வச்ச அக்கா. ஒவ்வொரு தடவை பேசும்போதும் எங்கயாவது உங்களைக் கொண்டு வந்துருவாரு."

"நீங்க எல்லாரும் தூங்கிட்டு இருந்தீங்கன்னு எழுதினானே," என்றேன்.

"தூங்கினா காது எங்க போகும்?" என்றார் அந்த அம்மா. "இந்தப் பக்கம் உக்காருங்க. அந்தக் காதுதானே உங்களுக்கு நல்லா கேக்கும்."

டேய், நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே. ஊரெல்லாம் தூங்கவைத்துச் சொல்லியிருக்கிறாய். நான் இத்தனை வருஷம் அந்த வேலையை நினைத்து உன்மேல் கசந்துகொண்டிருந்தேன். நீ அங்கே நின்று என்னைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா தட்டிக்கொடுக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீ எழுதியது சரிதான். அவர்களுக்கு அது நன்றாக வருகிறது.

நான் நிமிர்ந்து பார்க்கும்போது அத்தான் கப்பல்காரர் பக்கத்தில் இருந்தார். "நீங்க கப்பல்ல சாமான் ஏத்துறவரா?" என்று அவர் கேட்க, ஆமாம் என்று இவர் சொல்ல, பேச்சு கிளம்பிவிட்டது. உன் அத்தான் பேசுகிறார். கிரேன் உச்சியிலிருந்து பார்த்தால் துறைமுகம் எப்படி இருக்கும், பனியில் கப்பல் வருவது முதலில் தெரியாது, தண்ணீரின் நிறம்தான் மாறும், பிறகு ஒரு சுவர் மெல்ல நகர்ந்து வருவது போல வரும், வந்து நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டேயிருக்கும். ஜன்னல் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனுஷனுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. கூடமே கேட்டுக்கொண்டிருந்தது. கப்பல்காரர் மூட்டையை மடியிலிருந்து இறக்கித் தலைக்கு வைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் கால் நீட்டினார். அப்படியே ஒவ்வொருவராக. அத்தான் குரலைத் தணித்துக்கொண்டே போனார். கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது.

துறைமுக வேலை பற்றிக் கேட்டிருந்தாய். அத்தானிடம் சொன்னேன். தூங்குகிறவர்களைக் காட்டி, "அவன் வேலை இங்கதான் இருக்கு. சீக்கிரம் வரச் சொல்லு, எனக்கு நாளைக்குப் பேச விஷயம் இல்ல," என்றார். ஆனால் மறுநாளும் போனார். விஷயம் இருந்தது.

உன் அக்கா

அக்டோபர் 8

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பதிலாக உன் கடிதத்தை வாசித்தேன். 'டேய்' என்ற இடத்தை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், ரயிலய்யா கண்டுபிடித்துத் திரும்ப வாசிக்க வைத்தார்.

முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. பழகிவிட்டார்கள். வெகுநேரம் கழித்துச் செயலாளர் மட்டும் எழுந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம், ஆலயத்தை மூடுவதென்று முடிவாகிவிட்டதாம். நாலைந்து நாளாகச் சொல்ல வாய் வராமல் வைத்திருந்திருக்கிறார். "சண்டை போட்டா இன்னும் ஒரு வருஷம் இழுக்கலாம்," என்றார். பிறகு தரையைப் பார்த்தார். அந்தத் தரையை அவர் எத்தனை காலமாகக் கூட்டுகிறார் என்று நான் எழுதியிருக்கிறேன். "இழுத்து என்ன செய்ய? நம்ம ஆளுங்க அங்க இருக்காங்க. நாம இங்க காலி பெஞ்சைக் காவல் காத்துட்டு உக்காந்திருக்கோம். சாவியைக் குடுத்துருவோம் ஐயா. வேன் நான் பிடிக்கிறேன்."

வரும் ஞாயிறு வருகிறோம். சபைக்கு வருகிற எல்லோரும் வருகிறார்கள். பயமாக இருக்கிறது, அக்கா. அங்கே போய் நாங்கள் யார் என்று சொல்வது? அவர்கள் இடத்தில் எங்களுக்கு என்ன வேலை?

உன் தம்பி

அக்டோபர் 17

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேன் ஏறிப் போன பிறகு நான் டிப்போவிலேயே இருந்தேன். நீ பார்க்காததை எழுதுகிறேன்.

உங்கள் செயலாளர் கொண்டுவந்த பெஞ்சை வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே கொண்டுபோகலாமா கூடாதா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாரே, அப்போது கப்பல்காரர் போய் ஒரு பக்கம் பிடித்தார் இல்லையா. நீங்கள் போன பிறகு அதை அவர் கூடத்தின் நடுவில் போட்டு, மேலே யாரையும் உட்கார விடவில்லை. வருகிறவர்களுக்காம். இடம் பிடித்து வைத்திருக்கிறார். நான் உட்காரப் போனால் எனக்கும் அதே பதில்.

சாயங்காலத் தேநீர் நேரத்தில் நீலச் சால்வை அம்மா கனவு சொன்னார். நீ பேசும்போது வந்த கனவாம். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கோயில் நடந்து வந்துச்சு. ஆத்துல இறங்கி, கதவு ஜன்னல் எல்லாம் தூக்கிப் பிடிச்சுகிட்டு, நனையாம வரணும்னு பாத்துப் பாத்து வந்துச்சு. ஆனாலும் காலெல்லாம் ஈரம். வந்து இந்த வாசல்ல நின்னுச்சு. உள்ள வர வெக்கம். ரொம்ப நேரமா நின்னுச்சு. 'இடம் இருக்கா?'ன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்ன சொல்றது," என்றார். "எல்லாரையும் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொன்னேன்."

இதற்குப் பதில் எழுதாதே. மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அத்தான் காலையிலிருந்து ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து சேர்.

அக்கா